பாஸ்வேர்டு இருந்தது, பக்கம் தங்கிவிட்டது: ஸ்டெங்கார்ட் வழக்கும் கட்சிக்காரரின் மின்னஞ்சலும்

2007 டிசம்பர். நியூஜெர்சியில் நோயாளிகளின் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கவனிக்கும் ஒரு நிறுவனம். அதன் செவிலியர் பிரிவுத் தலைவி ஸ்டெங்கார்ட், நிறுவனம் கொடுத்திருந்த லேப்டாப்பில் தன் யாஹூ கணக்கைத் திறந்து ஒரு வழக்கறிஞருக்கு எழுதினார். வேலையிடத்தில் தனக்கு நடப்பதைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்ட கடிதங்கள் அவை. அலுவலக மின்னஞ்சல் முகவரியை இதற்கு அவர் பயன்படுத்தவில்லை. யாஹூ பாஸ்வேர்டை அந்த லேப்டாப்பில் சேமித்து வைக்கவும் இல்லை. சாதாரணமாக ஒருவர் எடுக்கக்கூடிய எச்சரிக்கையை எடுத்துக்கொண்டுதான் எழுதினார்.

சில நாட்களில் வேலையை விட்டார், லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார். 2008 பிப்ரவரியில் வழக்குப் போட்டார். பாலினம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காட்டித் துன்புறுத்தினார்கள், தானாகவே வேலையை விட்டுப் போகும்படி நெருக்கினார்கள் என்பது புகார். நியூஜெர்சியின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்படி வந்த வழக்கு. அது நடந்துகொண்டிருக்கும்போதே, அவருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் இடையே போன கடிதங்களை நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் படித்துவிட்டிருந்தார்கள்.

ஸ்டெங்கார்ட் எதிர் லவ்விங் கேர் ஏஜென்சி என்ற இந்த வழக்கில் 2010 மார்ச் 30 அன்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஊழியரின் அந்தரங்கத்தைப் பேசுகிறவர்கள் இதை ஒரு விதமாகப் படிப்பார்கள். எதிர்த்தரப்பின் கடிதம் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று கற்பிக்கிறவர்கள் வேறு விதமாகப் படிப்பார்கள். இரண்டிலும் அதிகம் கவனிக்கப்படாத ஒருவர் இருக்கிறார்: ஊழியரின் சொந்த வழக்கறிஞர். கட்சிக்காரர் எந்தக் கருவியிலிருந்து எழுதுகிறார் என்று கேட்கவேண்டிய இடத்தில் இருப்பவர் அவர். இந்த ஆய்வு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து எழுதப்பட்டது.

பக்கம் எப்படித் தங்கியது

இணையத்தில் பார்க்கிற மின்னஞ்சல் யாஹூவின் சர்வரில்தான் இருக்கிறது, பூட்டிவிட்டு வெளியே வந்தால் கணினியில் ஒன்றும் மிஞ்சாது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. கடிதத்தின் மூலம் சர்வரில் இருக்கிறது. ஆனால் அதைத் திரையில் காட்டுவதற்கு பிரவுசர் அந்தப் பக்கத்தைக் கணினிக்கு இறக்கியாக வேண்டும். அடுத்த முறை சீக்கிரம் திறக்கட்டும் என்று இறக்கிய பக்கத்தின் நகலை ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்புறையில் போட்டு வைப்பது அந்தக் காலப் பிரவுசர்களின் வழக்கம். விண்டோஸில் அதற்குத் ‘தற்காலிக இணையக் கோப்புகள்’ என்று பெயர். பெயரில்தான் தற்காலிகம். யாராவது துடைக்கும் வரை, அல்லது ஒதுக்கிய இடம் நிரம்பிப் பழையது தள்ளப்படும் வரை, அங்கேயே கிடக்கும்.

பாஸ்வேர்டு காப்பது கணக்கின் வாசலை. வாசலைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்த பக்கத்தின் நகல் வெளியே, கணினியில் கிடக்கிறது. அதைத் திறக்க எந்தப் பாஸ்வேர்டும் வேண்டாம். கணக்கிலிருந்து வெளியேறினாலும் நகல் போகாது. சுவடு விடாத தனி உலாவல் வசதி இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2009இல், எட்டாம் பதிப்போடுதான் வந்தது. 2007இல் அந்தப் பெண் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால், கேச் எனப்படும் அந்த நகல் கோப்புறையை ஒவ்வொரு முறையும் கையால் துடைத்திருக்கலாம். அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருந்தால்.

வழக்கு வந்ததும் நிறுவனம் ஒரு கணினித் தடயவியல் நிபுணரை அமர்த்தி ஹார்ட் டிஸ்கை முழு நகல் எடுக்கச் சொன்னது. கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுப்பதைப் போன்ற வேலை இல்லை இது. மூல டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாதபடி தடுக்கும் கருவி வழியாக, டிஸ்கின் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட்டு வரை அப்படியே இன்னொரு டிஸ்குக்கு எடுப்பார்கள். பயன்பாட்டில் உள்ள கோப்புகள், கேச், அழித்த பிறகும் மேலே வேறெதுவும் எழுதப்படாமல் கிடக்கும் மிச்சங்கள், எல்லாம் வந்துவிடும். சாட்சியத்தைப் பாதுகாக்க இப்படிச் செய்வது முறையான வேலை. உச்ச நீதிமன்றமும் இதைக் குறை சொல்லவில்லை. யாரும் அவருடைய கணக்குக்குள் திருட்டுத்தனமாக நுழையவில்லை என்பதையும், வேடிக்கைக்காகத் துருவியதற்குச் சான்று இல்லை என்பதையும் தீர்ப்பிலேயே பதிவு செய்தது.

தவறு அதற்கு அடுத்த படியில் நடந்தது. எடுத்த நகலில் ஏழெட்டு மின்னஞ்சல்கள் வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே போனவை. வழக்கறிஞர் அனுப்பியவற்றின் அடியில், இது பெறுநருக்கு மட்டுமான ரகசியம், வழக்கறிஞர்–கட்சிக்காரர் தொடர்பாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை வாசகமும் இருந்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் படித்தார்கள், பயன்படுத்தினார்கள், பல மாதங்கள் யாருக்கும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு எழுத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தரும்போதுதான், இந்தத் தகவல் உங்களுக்கும் உங்கள் வழக்கறிஞருக்கும் இடையே போன மின்னஞ்சலிலிருந்து கிடைத்தது என்று அவர்கள் எழுதினார்கள். ஊழியரின் வழக்கறிஞருக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான்.

மூன்று நீதிமன்றங்கள்

கடிதங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்ற கோரிக்கையை விசாரணை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நிறுவனத்தின் கணினிக் கொள்கையே ஊழியருக்குப் போதிய முன்னறிவிப்பு, தெரிந்தே நிறுவன லேப்டாப்பில் எழுதினால் ரகசியம் கோர முடியாது என்பது அதன் நிலை. 2009இல் மேல்முறையீட்டுப் பிரிவு அதை மாற்றியது. 2010இல் தலைமை நீதிபதி ஸ்டூவர்ட் ராப்னர் எழுதிய ஒருமித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சில திருத்தங்களோடு, மேல்முறையீட்டுப் பிரிவை ஆதரித்தது.

அந்தக் கொள்கையின் வாசகம் கவனித்துப் படிக்க வேண்டியது. நிறுவனத்தின் ஊடக அமைப்புகளிலும் சேவைகளிலும் உள்ள எதையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறது. மின்னஞ்சல், இணையப் பயன்பாடு, கணினிக் கோப்பு எல்லாம் நிறுவனத்தின் பதிவுகள், ஊழியரின் தனிப்பட்டவை என்று கொள்ளக்கூடாது என்கிறது. அதே மூச்சில், எப்போதாவது சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதியும் தருகிறது. ‘ஊடக அமைப்பு’ என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை. பாஸ்வேர்டு போட்ட சொந்த இணைய மின்னஞ்சலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதில் பார்க்கும் கடிதங்களின் நகல் டிஸ்கில் தங்கும், பிறகு தோண்டி எடுத்துப் படிக்கலாம் என்ற எச்சரிக்கையும் இல்லை. சொந்தக் கணக்கு இந்தக் கொள்கைக்குள் வருகிறதா என்று படிக்கிறவர் சந்தேகப்பட இடமிருக்கிறது என்றது நீதிமன்றம். இந்தக் கொள்கை அவருக்குப் பொருந்துமா என்பதே சச்சரவாக இருந்தது. பொருந்துகிறது என்று வைத்துக்கொண்டே நீதிமன்றம் மேலே சென்றது.

இரண்டு சோதனைகள். தன் கடிதம் ரகசியமாக இருக்கும் என்று அவர் உண்மையிலேயே நம்பினாரா? சொந்தக் கணக்கு, சேமிக்காத பாஸ்வேர்டு: நம்பினார். அந்த நம்பிக்கை நியாயமானதா? கொள்கையின் குழப்பமும், கடிதங்கள் எதைப் பற்றியவை என்பதும் சேர்ந்து: நியாயமானது. ஆகவே வழக்கறிஞரோடு பேசியதைக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்னும் ரகசியச் சிறப்புரிமை நிற்கிறது, அவர் அதைக் கைவிட்டதாகவும் கொள்ள முடியாது.

அடிக்குறிப்பு வாசகத்தைப் பற்றி நீதிமன்றம் சொன்னதை வழக்கறிஞர்கள் மனதில் வைக்க வேண்டும். எல்லாக் கடிதத்துக்கும் கீழே இயந்திரம்போல ஒட்டிக்கொள்ளும் எச்சரிக்கை தன்னளவில் காப்பாற்றாமல் போகலாம் என்பதுதான் அது. இங்கே மற்ற உண்மைகளோடு சேர்ந்து அதற்கு எடை கிடைத்தது. பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழும் அதே வாசகத்தை ஒட்டி அனுப்பும் அலுவலகங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொரு படியும் மேலே ஏறியது தீர்ப்பு. சொந்தக் கணக்கில் உள்ள வழக்கறிஞர் கடிதங்களையும் எடுத்துப் படிப்போம் என்று நிறுவனம் தெளிவாகவே எழுதி வைத்திருந்தாலும், படிக்கும் அந்த உரிமை செல்லாது என்றது. வேலை நேரத்தில் வழக்கறிஞரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தால் நடவடிக்கை எடுக்கலாம். அதற்குக் கடிதத்தின் உள்ளடக்கத்தைப் படிக்கத் தேவையில்லை.

படித்தவர்கள் எங்கே தவறினார்கள்

நியூஜெர்சியின் அன்றைய தொழில் நெறி விதி 4.4(பி) கறாரானது. தவறுதலாக அனுப்பப்பட்டது என்று நினைக்கக் காரணமுள்ள ஆவணம் கைக்கு வந்தால் படிக்கக்கூடாது, படிக்கத் தொடங்கியிருந்தால் நிறுத்த வேண்டும், அனுப்பியவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும். அமெரிக்கன் பார் அசோசியேஷன் என்னும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 4.4(பி) இவ்வளவு போகாது. உடனே தெரிவி என்பதோடு நின்றுவிடும்.

இங்கே ஒரு சொற்சிக்கல் உண்டு. இந்தக் கடிதங்களை யாரும் ‘அனுப்பவில்லை’. திருப்பிக் கொடுத்த லேப்டாப்பில் விடுபட்டுக் கிடந்தன. அதையும் விதியின் நோக்கத்துக்குள் கொண்டுவந்தது நியூஜெர்சி நீதிமன்றம். வழக்கறிஞர் கடிதம் என்று தெரிந்த உடனே தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும். பிறகு எதிர்த்தரப்புக்குச் சொல்லியிருக்கலாம், அல்லது மேலே படிக்க நீதிமன்றத்தின் அனுமதி கேட்டிருக்கலாம். இரண்டில் ஒன்றையும் செய்யாததே மீறல். வழக்கிலிருந்து அந்த அலுவலகத்தை விலக்குவதா, படித்தவர்களை மட்டும் ஒதுக்கி வைப்பதா, செலவுத் தொகை விதிப்பதா, வேறு ஏதாவதா என்பதை முடிவு செய்ய விசாரணை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

மாதிரி விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் விடை வேறு. 2011 ஆகஸ்ட் 4 அன்று வெளியான, தொழில் நெறி பற்றிய சங்கத்தின் முறைசார் கருத்துரை 11-460 இதே சூழலை எடுத்துக்கொண்டது. ஊழியரின் கடிதத்தை நிறுவனம் தன் கணினியில் கண்டெடுத்துத் தன் வழக்கறிஞரிடம் கொடுத்தால் அது ‘தவறுதலாக அனுப்பப்பட்டது’ ஆகாது. ஆகவே தெரிவிக்கும் கடமை 4.4(பி)யிலிருந்து மட்டும் பிறக்காது. வேறு சட்டம் கேட்டால் தெரிவிக்க வேண்டும். கேட்காத இடத்தில், தெரிவிப்பதா வேண்டாமா என்பது நிறுவனம் என்ற கட்சிக்காரரின் முடிவு. ஸ்டெங்கார்ட் தீர்ப்பு வந்து பதினாறு மாதம் கழித்து, அதைத் தெரிந்துகொண்டே சொல்லப்பட்ட கருத்து இது. ஊழியரின் வழக்கறிஞருக்கு இதன் பொருள் கசப்பானது: உங்கள் கடிதம் போய்விட்டது என்று உங்களுக்கு யாரும் சொல்லாமலே போகலாம்.

நிறுவனத் தரப்பில் இருப்பவர்களுக்கு நடைமுறை எளிது. தடயவியல் நகலை வழக்கை நடத்தும் வழக்கறிஞரிடம் நேராகக் கொடுக்காதீர்கள். ஊழியரின் வழக்கறிஞர் பெயர், அவர் அலுவலகத்தின் மின்னஞ்சல் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி), ‘அட்டர்னி’, ‘பிரிவிலெஜ்டு’ போன்ற சொற்களைக் கொண்டு முதலில் சலிக்கச் சொல்லுங்கள். சிக்குவதைத் தனி உறையில் போட்டு, வழக்கோடு தொடர்பில்லாத ஒருவர் மேலாகப் பார்த்து முடிவு சொல்லட்டும். தேடும் சொற்கள் பட்டியலில் ஊழியர் வழக்குக்கு முன்பு கலந்தாலோசித்திருக்கக்கூடிய வேறு வழக்கறிஞர்களும் வரவேண்டும். தப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வழக்கில் கையெழுத்திட்டவரின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால், முதலில் பேசிப் பார்த்த இரண்டு பேரின் கடிதங்கள் சல்லடையில் நிற்காது.

வேறு மாநிலத்தில் இதே கதை

ஸ்டெங்கார்ட்டைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. பத்தே மாதத்தில், 2011 ஜனவரியில், கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹோம்ஸ் எதிர் பெட்ரோவிச் டெவலப்மென்ட் வழக்கில் எதிர்த் திசையில் தீர்ப்புச் சொன்னது. அங்கே ஊழியர் எழுதியது நிறுவனக் கணினியில், நிறுவன மின்னஞ்சல் முகவரியிலிருந்து. சொந்த வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது, எதிலும் அந்தரங்கம் கிடையாது, கண்காணிப்போம் என்று கொள்கை தெளிவாகச் சொன்னது. முதலாளியின் கூட்ட அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உரத்த குரலில் வழக்கறிஞரோடு பேசியதற்குச் சமம் என்றது நீதிமன்றம். சிறப்புரிமை இல்லை.

நியூயார்க்கில் 2007இல் ஸ்காட் எதிர் பெத் இஸ்ரேல் மருத்துவ மையம் வழக்கும் அப்படித்தான். மருத்துவர் ஒருவர் மருத்துவமனையின் மின்னஞ்சலிலிருந்து தன் வழக்கறிஞருக்கு எழுதினார். வழக்கறிஞரின் அடிக்குறிப்பு வாசகம் இருந்தது, காப்பாற்றவில்லை. இந்த வழக்குகளில் பல, 2005இல் நியூயார்க்கின் திவால் நீதிமன்றம் ஏஷியா குளோபல் கிராசிங் வழக்கில் வகுத்த நான்கு கேள்விகளை எடுத்தாள்கின்றன. சொந்தப் பயன்பாட்டை நிறுவனம் தடை செய்திருக்கிறதா, கண்காணிக்கிறதா, மூன்றாம் நபருக்குக் கணினியை அணுகும் உரிமை உண்டா, இதெல்லாம் ஊழியருக்குத் தெரியுமா.

நான்கு கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் நிறுவனத்தின் கொள்கை ஏட்டில் இருக்கும். கட்சிக்காரர் சேர்ந்த நாளில் படிக்காமல் கையெழுத்திட்ட தாள் அது. வழக்கறிஞர் முதல் சந்திப்பில் கேட்டு வாங்கவேண்டிய முதல் ஆவணமும் அதுதான். எந்த மாநிலத்தில், எந்த முகவரியில், எந்தக் கருவியில் என்பதைப் பொறுத்து ஒரே கடிதம் ரகசியமாகவும் இருக்கும், எதிர்த்தரப்பின் சாட்சியமாகவும் ஆகும். நியூஜெர்சியில் நிறுவன லேப்டாப்போடு எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஏராளம். நிறுவனம் அமர்த்திய விசா வழக்கறிஞருக்கு நிறுவனமும் கட்சிக்காரர் என்பதை மறந்து, சொந்த வழக்கறிஞரிடம் சொல்லவேண்டிய தகராறை அலுவலக முகவரியிலிருந்து அவரிடமே கொட்டினால், மேலே சொன்ன சிக்கலோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

கடமை எங்கிருந்து வருகிறது

சிறப்புரிமை வேறு, ரகசியம் காக்கும் கடமை வேறு. முன்னது சாட்சியச் சட்டத்தின் பாதுகாப்பு. நீதிமன்றத்தில் எதைக் காட்டக் கட்டாயப்படுத்த முடியாது என்பதைச் சொல்கிறது. பின்னது தொழில் நெறி. விதி 1.6, கட்சிக்காரரின் காரியம் பற்றிய எல்லாத் தகவலுக்கும் பொருந்தும், நீதிமன்றத்துக்கு வெளியிலும் பொருந்தும். ஸ்டெங்கார்ட்டில் சிறப்புரிமை பிழைத்தது. ஆனால் கடிதத்தில் எழுதியதை எதிர்த்தரப்பு படித்தது படித்ததுதான். அதை யாராலும் அவர்கள் தலையிலிருந்து எடுக்க முடியாது.

மின்னஞ்சல் பற்றிய அமெரிக்கச் சிந்தனை நெடுநாள் ‘வழியில்’ நடக்கும் ஆபத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. 1999இல் அதே சங்கம் வெளியிட்ட கருத்துரை 99-413, மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யாத மின்னஞ்சலில் கட்சிக்காரருக்கு எழுதலாம் என்றது. தொலைபேசியை ஒட்டுக்கேட்பதுபோல அதை இடைமறிப்பதும் குற்றம், ஆகவே அந்தரங்கத்தை எதிர்பார்ப்பது நியாயம் என்பது காரணம். போய்ச் சேர்ந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்வி அங்கே மையமாக இல்லை.

கருத்துரை 11-459 அந்தக் கேள்வியைப் பிடித்தது. 11-460 வெளியான அதே நாளில் இதுவும் வெளியானது. மூன்றாம் நபர் அணுகக்கூடிய கருவியையோ மின்னஞ்சல் கணக்கையோ கட்சிக்காரர் பயன்படுத்தக் கணிசமான வாய்ப்பிருந்தால், அதன் ஆபத்தை வழக்கறிஞர் வழக்கமாக எச்சரித்தாக வேண்டும். ஊழியருக்காக ஆஜராகும் வழக்கில் அந்த வாய்ப்பு எப்போதும் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். உறவு தொடங்கியதும் முடிந்தவரை சீக்கிரம் சொல்ல வேண்டும். விதி 1.6இலிருந்தும், திறமையோடு செயல்படவேண்டும் என்ற விதி 1.1இலிருந்தும் இதை எடுத்துக் காட்டியது. நூலகக் கணினி, ஓட்டல் கணினி, வீட்டில் எல்லோரும் தொடும் கணினி என்று எல்லைகளையும் விரித்தது.

2012 ஆகஸ்டில் மாதிரி விதி 1.6க்குப் புதிதாக ஒரு பிரிவு சேர்ந்தது: கட்சிக்காரரின் தகவல் தவறுதலாகவோ அனுமதியின்றியோ வெளியாகாமல் தடுக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். எவ்வளவு முயற்சி ‘நியாயமானது’ என்பதைத் தகவலின் உணர்வுத்தன்மை, கசியும் வாய்ப்பு, பாதுகாப்புக்கு ஆகும் செலவு, அதை நடைமுறைப்படுத்தும் சிரமம், அது வழக்கு வேலையை எவ்வளவு தடுக்கும் ஆகியவற்றை வைத்து அளக்கச் சொன்னது அதன் விளக்கக் குறிப்பு. 2017 மே மாதம் வந்த கருத்துரை 477ஆர், 99-413ஐ இந்த அளவுகோலோடு மறுபடி எழுதியது. அன்றாடக் கடிதத்துக்குச் சாதாரண மின்னஞ்சல் போதும், கனமான விஷயத்துக்குக் கூடுதல் காப்பு வேண்டும், எது எந்த வகை என்று வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும். இந்தக் கருத்துரைகள் எதுவும் தானாகச் சட்டமில்லை. கட்டுப்படுத்துவது அந்தந்த மாநிலத்தின் விதி. ஆனாலும் ஒழுங்கு நடவடிக்கையில் ‘நியாயமான முயற்சி’ பற்றிய பேச்சு பெரும்பாலும் இவற்றிலிருந்தே தொடங்கும்.

இன்றைய லேப்டாப்பில் என்ன மாறியது

கேச் என்னும் ஓட்டை இன்று சிறிதாகிவிட்டது. மின்னஞ்சல் சேவைகள் தங்கள் பக்கத்தை டிஸ்கில் வைக்க வேண்டாம் என்று பிரவுசருக்குச் சொல்ல முடியும். தனி உலாவல் சாளரத்தை மூடினால் அதன் கேச் போய்விடும். யாஹூ மின்னஞ்சலும் 2014 ஜனவரியிலிருந்து முழுவதும் எச்டிடிபிஎஸ் என்னும் பூட்டிய இணைப்பு வழியாகவே போகிறது.

ஆனால் நிறுவனக் கருவியில் பெரிய ஓட்டைகள் புதிதாக வந்துவிட்டன. பல நிறுவனங்கள் தங்கள் சொந்த ரூட் சான்றிதழை, அதாவது எந்தத் தளத்தை நம்பலாம் என்று கருவிக்குச் சொல்லும் சான்றை, லேப்டாப்பில் நிறுவி வைக்கின்றன. அப்போது எச்டிடிபிஎஸ் போக்குவரத்து பிராக்சி என்னும் நிறுவனத்தின் இடைநிலைக் கணினியில் அவிழ்ந்து, படிக்கப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டு வெளியே போகும். பிரவுசரில் பூட்டுச் சின்னம் மாறாமல் நிற்கும். சான்றிதழ் விவரத்தைத் திறந்து வழங்கியவர் பெயரைப் பார்த்தால் நிறுவனத்தின் பெயரோ அதன் பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ தெரியலாம். தெரியாவிட்டாலும் நிம்மதி வேண்டாம். திரையைப் படமெடுக்கும், தட்டும் எழுத்துகளைப் பதியும் மென்பொருள் கருவிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் வழியில் எந்தப் பூட்டு இருந்தும் பயனில்லை. தனி உலாவல் இதில் எதையும் தடுக்காது. இது தெரியாமல் ‘இன்காக்னிட்டோவில்தான் திறந்தேன் சார்’ என்று சொல்லும் கட்சிக்காரர்கள் உண்டு.

கைபேசியும் இதில் சேரும். சொந்தக் கைபேசியில் அலுவலக மின்னஞ்சலுக்காக நிறுவனத்தின் நிர்வாக மென்பொருளை ஏற்றியிருந்தால், அது எதைப் பார்க்கிறது, எதை அழிக்க முடியும் என்பது அமைப்பைப் பொறுத்தது. சொந்தப் பிரவுசர் கணக்கை அலுவலக லேப்டாப்பிலும் திறந்து வைத்திருந்தால், வீட்டில் பார்த்த பக்கங்களின் வரலாறு அங்கேயும் போய் நிற்கும். ஆவணங்கள் கோப்புறை தானாகவே நிறுவனத்தின் மேகச் சேமிப்புக்கு ஏறும்படி அமைத்திருந்தால், இறக்கிப் பார்த்த வரைவு மனுவும் கூடவே ஏறும். வழக்கறிஞர் அனுப்பிய காலண்டர் அழைப்பு அலுவலகக் காலண்டரில் போய் உட்கார்ந்து, ‘பணிநீக்க வழக்கு ஆலோசனை, 3 மணி’ என்று மேலாளர் கண்ணில் படும்.

முதல் சந்திப்பில்

எச்சரிக்கையை ஒப்பந்தக் கடிதத்தின் பதினோராம் பத்தியில் புதைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். முதலில் வாயால் கேட்க வேண்டும். எந்த முகவரியில் எழுதப்போகிறீர்கள்? எந்தக் கருவியில் படிப்பீர்கள்? அது யாருடையது, யார் பணம் கட்டுகிறார்கள்? பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும்? கணக்கை மீட்கும் முகவரியும் தொலைபேசி எண்ணும் எது? கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். சொந்தக் கணக்கின் மீட்பு முகவரி அலுவலக முகவரியாக இருந்தால், அலுவலக மின்னஞ்சலை நிர்வகிப்பவரால் சொந்தக் கணக்கையும் திறக்க முடியும். விவாகரத்து வழக்கில் இதே இடத்தில் கணவரோ மனைவியோ இருப்பார். அங்கே வீட்டுக் குழந்தை விளையாடும் ஐபேட்தான் முதல் சந்தேகம், ஏனென்றால் ஒரே ஆப்பிள் கணக்கில் இருவரின் செய்திகளும் அதில் வந்து விழலாம்.

விடைகளைப் பொறுத்து ஏற்பாடு. வழக்குக்கென்று புதிய மின்னஞ்சல் கணக்கு, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, சொந்தக் கைபேசியில் மட்டும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அலுவலக வைஃபை இல்லாமல் சொந்த டேட்டா. பூட்டிய திரையில் மின்னஞ்சலின் முதல் வரிகள் எட்டிப் பார்க்கும் அறிவிப்பை அணைத்து வைக்கலாம். பொருள் வரியில் வழக்கின் தன்மை தெரியக்கூடாது. கனமான ஆவணத்தை இணைப்பாக அனுப்பாமல், அலுவலகத்தின் பாதுகாப்பான தளத்தில் ஏற்றிவிட்டு ‘பார்க்கவும்’ என்று மட்டும் எழுதலாம். வழக்கறிஞர் கடிதத்தை அலுவலகப் பிரிண்டரில் எடுக்காதீர்கள், அலுவலக முகவரிக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. இதுவரை அலுவலக லேப்டாப்பில் எழுதிவிட்டேன் என்று கட்சிக்காரர் பதறினால், ‘எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்’ என்று சொல்லத் தோன்றும். சொல்லக்கூடாது. வழக்கு வரப்போகிறது என்று தெரிந்த பிறகு நிறுவனத்தின் கருவியைத் துடைப்பது சாட்சியத்தை அழித்ததாகும். நீதிமன்றம் அவருக்கு எதிராகவே அதை எடுத்துக்கொள்ளலாம், அப்படி அறிவுரை சொன்னவரின் உரிமமும் கேள்விக்கு வரும். லேப்டாப்பைத் தொடாமல் விட்டுவிட்டு, நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும்: இந்தக் கருவியில் சிறப்புரிமைக்கு உட்பட்ட தொடர்புகள் இருக்கின்றன, எங்கள் வழக்கறிஞர்களின் பெயரும் டொமைனும் இவை, படிக்காமல் தனியே எடுத்து வைக்கவும், சிறப்புரிமையை நாங்கள் கைவிடவில்லை. ஸ்டெங்கார்ட்டில் மாதக்கணக்கில் நீடித்த மௌனத்துக்கு இந்தக் கடிதம் இடம் தராது. 11-460 சொல்லும் ‘தெரிவிக்கும் கடமை இல்லை’ என்ற இடுக்கையும் பெரும்பாலும் அடைத்துவிடும், ஏனென்றால் எதிர்த்தரப்பு இனி தெரியாமல் படித்தோம் என்று சொல்ல முடியாது.

எழுத்து எச்சரிக்கை நான்கைந்து வரி போதும். ‘உங்கள் நிறுவனத்தின் கணினி, கைபேசி, மின்னஞ்சல் எதிலிருந்தும் எனக்கு எழுதாதீர்கள், என் கடிதங்களை அவற்றில் திறக்கவும் வேண்டாம். சொந்தக் கணக்காக இருந்தாலும் இதுவே. நிறுவனம் அவற்றைப் படிக்க முடியும், படித்தால் வழக்கில் உங்களுக்கு எதிராகப் பயன்படலாம். ஏற்கெனவே அப்படி எழுதியிருந்தால் எதையும் அழிக்காமல் எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.’ கட்சிக்காரர் தமிழில்தான் யோசிப்பவர் என்றால் தமிழிலேயே கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் மதியம் அலுவலக முகவரியிலிருந்து அவசரக் கடிதம் ஒன்று வரும். வழக்கறிஞர் ‘பதில்’ பொத்தானை அழுத்தினால் கட்சிக்காரரின் கேள்வியும் தன் ஆலோசனையும் சேர்ந்து நிறுவனத்தின் சர்வரில் போய் இறங்கும். அந்தச் சங்கிலியைத் தொடாமல் சொந்தக் கைபேசிக்குக் கூப்பிட வேண்டும். கட்சிக்காரர் எடுக்கவில்லையென்றால் புதிய கணக்குக்கு, பழைய கடிதத்தின் ஒரு வரியும் ஒட்டாத புதுக் கடிதமாக, ‘கூப்பிடுங்கள்’ என்று மட்டும் எழுத வேண்டும். எப்போது அழைத்தோம், என்ன எச்சரித்தோம் என்று கோப்பில் தேதியோடு ஒரு குறிப்பும் எழுதி வைக்க வேண்டும்.